சத்தியமா இதுதான்

நவம்பர் 4, செவ்வாய்

மூச்சு, சாப்பாடு, தூக்கம் மூன்றையும் தினமும் எழுதி வைக்கச் சொல்லி டாக்டர் பொன்மலர் இந்த டைரியைக் கொடுத்திருக்கிறார். எழுதச் சொன்னது மூன்று வரி. எனக்குப் பேச ஆள் இல்லை, அதனால் மீதிப் பக்கத்தையும் நானே எடுத்துக்கொள்கிறேன்.

மூச்சு: பரவாயில்லை. சாப்பாடு: குழாய் வழியாகக் கஞ்சி, இளநீர். தூக்கம்: அவர் தூங்கினார், நான் இல்லை.

நேற்று சாயங்காலம் விழுந்த இடியில் லேப்டாப் போய்விட்டது. வானம் கறுத்ததுமே சார்ஜரைப் பிடுங்கச் சொல்லி அவர் எழுத ஆரம்பித்திருக்கிறார். "சார்" வரைக்கும் லேப்டாப் பெட்டி சத்தமாகச் சொன்னது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நான் வாசலுக்கு ஓடினேன். திரும்பி வருவதற்குள் பளீரென்று ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் என்றால் சிவசைலம், என் கணவர். நரம்பு நோய் வந்து கை போய், கால் போய், நாக்கும் போய்விட்டது. மிச்சம் இருப்பது கண்ணும் வலது கன்னமும். கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், மூடினால் இல்லை. கன்னத்தை உப்பினால் பக்கத்தில் வைத்த சுவிட்ச் அமுங்கும். லேப்டாப்பில் எழுத்துக்கள் வரிசை வரிசையாக மின்னிக்கொண்டு போகும். வேண்டிய எழுத்து வரும்போது கன்னத்தை உப்ப வேண்டும். எழுதி நிறுத்தியதும் அதுவரை சேர்ந்ததைப் பெட்டி படித்துச் சொல்லும். இந்தப் புரோகிராமைக் கை விளங்காமல் போவதற்கு முன்னால் அவரே எழுதி முடித்தார். 'பேச்சு' என்று பெயர். கம்பெனி கம்பெனியாகப் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்த மனுஷர், கடைசியாகத் தனக்கு ஒன்று எழுதிக்கொண்டார்.

ஜங்ஷன் பக்கத்துக் கடையில் கொடுத்திருக்கிறேன். போர்டு போய்விட்டதாம், உள்ளே இருப்பதை எடுத்துப் புதுசில் போட்டுத் தருகிறேன் என்றான் கடைக்காரன்.

நவம்பர் 5, புதன்

மூச்சு: காலையில் கொஞ்சம் இழுத்தது. மூச்சுக்குக் காற்று தள்ளுகிற மாஸ்க்கை இரண்டு மணி நேரம் கூடுதலாகப் போட்டேன்.

புது லேப்டாப் வந்துவிட்டது. பேச்சு ஐகானை அழுத்தினேன். திரை வரவில்லை. ஒரு சின்னக் கட்டத்தில், கோப்பைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பு இல்லை என்று வந்தது. அழுத்த அழுத்த அதையே சொன்னது.

பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவள் நான், இப்போது நீண்ட விடுப்பு. அதனால் ஓரளவு புரிந்தது. பேச்சு இரண்டு துண்டாக இருக்கிறது. வேலை செய்கிற புரோகிராம் ஒன்று. எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், அதில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று சொல்கிற திரைக் கோப்பு இன்னொன்று. புரோகிராம் எழுந்து, திரைக் கோப்பைத் தேடித் திறந்து, அதைப் பார்த்துத்தான் திரையை வரையும். கோப்பு கிடைக்காவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடும். அவர் திரையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டுபிடிச்சிருவேன், ஏங்க, பதறாதீங்க" என்றேன். கண்ணை மேலே தூக்கினார்.

மத்தியானம் டாக்டர் ஃபோன் செய்தார். மழைக்காலம், இன்னொரு முறை சளி கட்டினால் மாஸ்க் தாங்காது, கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்து மெஷினில் இணைக்க வேண்டியிருக்கும் என்றார். போட்டால் வருஷக்கணக்கில் இருக்கலாம். ஆனால் போட்டுவிட்டால் எடுப்பது கிடையாது, கடைசி வரைக்கும் மெஷின்தான். "அடுத்த வாரம் வெள்ளிக்கிழம வீட்டுக்கு வர்றேன். வேணுமா வேண்டாமான்னு அவர் சொல்லணும். ஆபத்து நேரத்துல வச்சுக் கேக்கக் கூடாதும்மா" என்றார்.

பேச்சு திறக்கவில்லை, திறந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 6, வியாழன்

கட்டில் மேல் ஒழுகுகிறது. கட்டிலை ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்த்தி நடு ஹாலில் போட்டேன். மாரித்தாய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவள் காலையில் வந்து அவரைத் துடைத்துவிட்டுப் போகிறவள். என்னைவிட அவளுக்கு இடுப்பில் வலு அதிகம்.

நவம்பர் 7, வெள்ளி

மூச்சு: பரவாயில்லை. கண்ணில் நீர் வடிகிறது. துடைத்துவிட்டேன்.

லேப்டாப் முழுக்கத் தேடினேன். திரைக் கோப்பு ஒன்று அல்ல, ஒரு கூட்டமே இருக்கிறது. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் பழையதை அழிக்காமல் புதுப் பெயர் வைத்திருக்கிறார். 'திரை_புதுசு', 'திரை_புதுசு2', 'திரை_இதுதான்', 'திரை_இதுவேதான்', 'திரை_சத்தியமா_இதுதான்'. பெயர்களைச் சத்தமாகப் படித்தேன். இவர் கம்பெனியில் எப்படிக் குப்பை கொட்டினாரோ என்று கேட்டேன். கன்னம் உப்பியது. சிரிக்கிறார்.

வெறுமே 'திரை' என்றும் ஒன்று, புரோகிராமுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. பக்கத்தில் இருந்தும் புரோகிராம் அதைத் திறக்கவில்லை, ஆரம்பத்தில் கிறுக்கியதாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். 'சத்தியமா_இதுதான்' கோப்பை எடுத்து, புரோகிராம் கேட்கிற பெயருக்கு மாற்றி, வீட்டு ஃபோல்டரில், அதாவது லேப்டாப்பின் ஹோம் ஃபோல்டரில், போட்டேன். திறந்துகொண்டது! எழுத்துக்கள் மின்னின.

அந்த நேரம் பார்த்துப் பெரியத்தான் வந்தார். அவருடைய அண்ணன், குற்றாலிங்கம். தென்காசி ரோட்டில் பெயின்ட் கடை. தினம் ஒரு தடவை வந்து தம்பியின் தலையைத் தடவிவிட்டுப் போவார். சத்தம் போட்டுப் பேசினால் தம்பிக்குக் கேட்கும் என்று நினைக்கிற ஆள். தம்பிக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது.

"ஏல சைலம், பேசு பாப்பம்" என்றார்.

இவர் கன்னத்தை உப்பினார். வெகுநேரம் ஆனது. பெட்டி சொன்னது: "தபசு ஙறமெ."

பெரியத்தான் முகம் மாறிவிட்டது. "என்னம்மா இது? புத்தி கித்தி..."

"பழைய ஃபைல் அத்தான். பட்டன்ல எழுதியிருக்கிறது ஒண்ணு, சத்தம் வேற. அவர் சரியாத்தான் எழுதுதாரு."

"எவன் கண்டான்" என்றார். தம்பியைப் பார்க்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு போனார். இவர் கண்ணை மூடிவிட்டார். நான் லேப்டாப்பை மூடினேன்.

நவம்பர் 8, சனி

காஜாவிடம் பேசினேன். காஜா முகைதீன் இவரோடு வேலை பார்த்தவன், இப்போது சென்னையில் இருக்கிறான். 'பேச்சு' எழுதியபோது ராத்திரி பகலாகக் கூட இருந்தவன். நான் சொல்லி முடிப்பதற்குள் சிரித்தான்.

"அண்ணி, அந்தச் சத்தியமெல்லாம் நம்பாதீங்க. வெளாட்டுக்கு வச்ச பேரு. கடைசில எல்லாத்தையும் வெறும் 'திரை'க்குள்ளதான் கொண்டு வந்தாரு. அதுதான் சரியான ஃபைலு."

"அது இருக்குப்பா. புரோகிராமுக்குப் பக்கத்துலயே கெடக்கு. பின்ன ஏன் அதுக்குத் தெரியல?"

"அண்ணன் அந்த ஃபைலோட பேரை மட்டும் எழுதியிருக்காரு, அது எங்க இருக்குன்னு எழுதல. பேரை மட்டும் சொன்னா புரோகிராம் தன் பக்கத்துல தேடாது. எந்த ஃபோல்டர்ல இருந்து அதைக் கெளப்புறோமோ அங்க தேடும். பழைய லேப்டாப்ல நான் ஐகானை அந்த ஃபோல்டருக்குள்ள போயே கெளப்புற மாதிரி வச்சிருந்தேன். கடைக்காரர் வெறும் ஐகான் போட்டிருக்காரு. இப்ப அது வீட்டு ஃபோல்டர்ல நின்னு தேடுது. நீங்க அங்க போட்டு வச்ச பழையதை எடுத்துத் திறக்குது."

"சரி, என்ன செய்யணும்?"

"புரோகிராம்ல ஒரு வரி அண்ணி. நீ எங்க இருக்கியோ அந்த எடத்தைக் கண்டுபிடி, அங்க உம் பக்கத்துல இருக்கிற ஃபைலைத் திற. அவ்வளவுதான். வரியை அனுப்புதேன், ஒட்டிருங்க. அண்ணன்ட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க."

அனுப்பிவிட்டான். பார்த்தேன். ஒரே வரிதான்.

சாயங்காலம் ஃபிரிட்ஜைத் துடைத்தேன். காய்கறித் தட்டின் அடியில் என்னென்னவோ கிடக்கிறது. முருங்கைக்காய் அழுகி, நாற்றம் குடலைப் பிடுங்கியது. இதையெல்லாம் யார் செய்வார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

மூச்சு: பரவாயில்லை. கண்ணில் நீர்.

திரைச்சீலைகளைத் துவைத்தேன். மழையில் காயாது என்று தெரியும். வீடு முழுக்கக் கொடி கட்டிப் போட்டிருக்கிறேன். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு சீலை தொங்குகிறது.

காஜா கேட்டான்: "ஆச்சா அண்ணி?" இன்னும் உட்காரவில்லை, நேரம் இல்லை என்று செய்தி அனுப்பினேன்.

நவம்பர் 10, திங்கள்

மூச்சு: ராத்திரி இரண்டு தடவை அலாரம் அடித்தது. மாஸ்க் நகர்ந்திருந்தது.

பெரியத்தான் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏம்மா ஆவுடை, யோசிக்க என்ன இருக்கு? உசுரு பெருசா, ஓட்டை பெருசா? நான் மெஷினுக்குச் சொல்லி வச்சிருதேன். நீ பொண்டாட்டி, நான் அண்ணன். நாம ரெண்டு பேரும் சரின்னா டாக்டரம்மா என்ன சொல்லப் போறாங்க?"

"அவரு சொல்லணும்ங்காங்க அத்தான்."

"அவன்தான் ஙறமெங்கானே" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். இந்த மனுஷரும் அழுதுகொண்டுதான் திரிகிறார், அழுகையைச் சத்தமாக மாற்றி வைத்திருக்கிறார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவருக்குத் தம்பி, எனக்குப் புருஷன். இரண்டும் ஒரே ஆள்.

டாக்டருக்கு ஃபோன் செய்து, பேச்சு இன்னும் தகராறு செய்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் சரியாகுமா தெரியவில்லை என்றேன்.

"கண்ணால கேக்கலாமேம்மா" என்றார்.

"ஆமா, இல்ல, ரெண்டுதான் டாக்டர் வரும். இவ்ளோ பெரிய விஷயத்த எப்படி டாக்டர் ரெண்டுல கேக்க?"

"சரி, வெள்ளிக்கிழம பாப்போம்" என்றார்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. பரணைச் சுத்தம் செய்தேன்.

நவம்பர் 12, புதன்

காலையில் மாரித்தாய் அவரைத் திருப்பியவள், "யக்கா, இங்க வாங்க" என்று குரல் கொடுத்தாள். அவள் அப்படிக் கூப்பிடுகிறவள் இல்லை.

இடது குதிகாலில் தோல் உரிந்து ரூபாய் அகலத்துக்குச் செக்கச்செவேலென்று புண். கட்டிலை நகர்த்தியபோது காலுக்கு அடியில் வைக்கிற பஞ்சுத் தலையணையை நான் திருப்பி வைக்கவே இல்லை. தினமும் துணி மாற்றியிருக்கிறேன், போர்வை போட்டிருக்கிறேன். காலைத் தூக்கிப் பார்க்கவில்லை.

"ஐயாவுக்கு ஒடம்பு அசையாதே தவிர வலி அம்புட்டும் தெரியும்லாக்கா. எத்தன நாளாச் சொல்லணும்னு கெடந்தாகளோ" என்றாள் மாரித்தாய். குற்றம் சொல்லவில்லை. சும்மா சொன்னாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அவள் வெந்நீரில் புண்ணைத் துடைக்கத் தொடங்கினாள். நான் லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். வீட்டு ஃபோல்டரில் போட்டிருந்த பழைய கோப்பை அழித்தேன். காஜா அனுப்பிய வரியை ஒட்டினேன். ஐகானை அழுத்தினேன். மாரித்தாய் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் பேச்சு திறந்துவிட்டது.

கட்டம் கட்டமாக, சுத்தமாக, அவர் வரைந்தபடி. இவ்வளவுதான் வேலை.

சுவிட்சைக் கன்னத்தருகே வைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, நேராக எழுத்துக்குப் போய்விட்டார். தாகத்தில் இருப்பவர் சொம்பைப் பார்க்கிற மாதிரி. பெட்டி சொன்னது: "ஃபேன்."

"என்ன ஃபேன்?"

"கண்ணில் அடிக்கிறது."

கட்டில் நடு ஹாலுக்கு வந்ததிலிருந்து ஃபேன் நேராக அவர் முகத்தில். இமையைத் தேவையான அளவு கொட்ட முடியாதவர். கண் காய்ந்து எரிந்து நீர் வழிந்திருக்கிறது. நான் வேறு எதையோ நினைத்துக்கொண்டு துடைத்துத் துடைத்து விட்டிருக்கிறேன், ஏன் என்று கேட்காமல்.

ஃபேனை நிறுத்தினேன். மாரித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு சாயங்காலம் வரைக்கும் ஓயவில்லை. தலையணை உயரம். வலது காதில் அரிப்பு. கஞ்சியில் உப்பு இல்லை என்றார். குழாயில் போகிறதற்கு உப்பு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஏப்பத்தில் தெரியும்" என்றார். பெரியத்தானுக்குச் சர்க்கரை பார்க்கச் சொல் என்றார். மீசையைத் திருத்து, ரவுடி மாதிரி இருக்கிறது என்றார். கத்தரிக்கோலை எடுத்துத் திருத்தினேன்.

ஆபரேஷனைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

மூச்சு: இழுக்கிறது. சளி ஆரம்பம் போல. புண்: பரவாயில்லை.

காலையில் மாரித்தாய் போனதும் எழுத ஆரம்பித்தார். நான் பக்கத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"டாக்டர் நாளை வருகிறார்."

"ஆமா."

"நீ கேட்கவில்லை."

"பேச்சு திறக்கலையே."

எழுத்துக்கள் மின்னி மின்னிப் போயின. அவர் எழுதுவதை எட்டிப் பார்க்கக் கூடாது என்பது எங்களுக்குள் ஒரு மரியாதை. பேசுகிற வாயைப் பார்த்துக்கொண்டு முன்னாலேயே பதில் சொல்வது போல ஆகிவிடும். காத்திருந்தேன்.

"கண்ணால் கேட்டிருக்கலாமே."

குக்கர் விசில் அடித்தது. போய் அணைத்தேன். அது இரண்டாவது விசில்தான், பருப்பு வேகவில்லை.

திரும்பி வந்தபோது அடுத்ததும் தயாராக இருந்தது. "கழுத்தில் துளை வேண்டாம்."

எனக்குத் தெரியும். நோய் வந்த முதல் வருஷத்திலிருந்தே தெரியும். சொல்லிக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

"ஏன்? எத்தன பேரு மெஷின்ல இருக்காங்க. நான் பாத்துக்கமாட்டேனா? இவ்ளோ நாள் பாக்கலியா?"

"பார்த்தாய். மாஸ்க் உனக்காகத்தான். அதற்கு மேல் என்னால் ஆகாது."

"அப்ப நான்?"

கத்திவிட்டேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவர் கன்னத்தை உப்பினார். வெகு நேரம் எடுத்துக்கொண்டார், இத்தனைக்கும் சின்ன வாக்கியம்.

"நீ இருப்பாய்."

லேப்டாப்பின் சத்தத்தை அணைத்தேன். ஆமாம், அணைத்தேன். அந்த நிமிஷம் அவரை வெறுத்தேன். படுத்துக்கொண்டே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, இருப்பதை மட்டும் என் தலையில் கட்டுகிற மனுஷர். அவர் கன்னம் உப்பி உப்பி இறங்கியது, திரையில் எழுத்துக்கள் சேர்ந்தன, சத்தம் வரவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்புறம் குதிகால் கட்டு கண்ணில் பட்டது. சத்தத்தைத் திருப்பி வைத்தேன்.

"காபி குடி" என்றது பெட்டி.

குடித்தேன். மத்தியானம் அவர் தூங்கும்போது சுவிட்சைக் கையில் எடுத்துக்கொண்டு பேச்சைச் சோதித்தேன். எழுத்து எழுத்தாக, ஒன்று விடாமல். க அழுத்தினால் க சொன்னது. வ அழுத்தினால் வ. ஏதாவது ஒன்று பிசகாதா என்று இன்னொரு முறை முதலிலிருந்து பார்த்தேன். பிசகவில்லை. நல்ல வேலைக்காரர், அவர் எழுதியது எதுவும் பிசகாது.

நவம்பர் 14, வெள்ளி

மூச்சு: காலையில் இழுத்தது, டாக்டர் பார்த்தார். மருந்து மாற்றியிருக்கிறார். கண்ணுக்குச் சொட்டு மருந்து. புண்ணுக்கு வேறு களிம்பு.

பெரியத்தான் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, நல்ல காரியத்துக்கு வந்தவர் மாதிரி. கையில் மெஷின் கம்பெனியின் காகிதங்கள். டாக்டர் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, குழாய் என்றால் என்ன, போட்டால் என்ன, போடாவிட்டால் எப்படி முடியும், அப்போது வலி தெரியாமல் இருக்க என்ன செய்வார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். குழந்தைக்குச் சொல்கிற குரலில் சொல்லவில்லை. அதற்காகவே அவரைக் கும்பிட வேண்டும்.

"நீங்க சொல்லுங்க சிவசைலம். குழாய் வேணுமா?"

சுவிட்சைச் சரியாக வைத்தேன். எழுத்துக்கள் மின்னின. வெளியே மீன்காரர் கூவிக்கொண்டு போனார்.

"வேண்டாம். மாஸ்க் போதும். ஆஸ்பத்திரி வேண்டாம். வீட்டில்."

பெரியத்தான் எழுந்துவிட்டார். "டாக்டரம்மா, இந்தப் பொட்டி சொல்லுததைக் கேக்காதீங்க. போன வாரம் நான் நிக்கும்போதே என்னென்னமோ ஒளறுச்சு. ஒரு வார்த்த வெளங்கல. ரிப்பேரான சாமான். இவளே சொன்னா. ஒங்ககிட்டயும் சொன்னாள்லா?"

"சொன்னாங்க" என்றார் டாக்டர். இவர் கண்ணைப் பார்த்துக் கேட்டார்: "குழாய் வேண்டாம்னுதான் சொல்றீங்களா?"

கண் மேலே போனது. சிவந்து, நீர் கோத்து, பாதியில் நடுங்கி நின்றது.

"அது ஃபேன் காத்துல கெட்ட கண்ணு. எதுக்குத் தூக்குதான்னு யாருக்குத் தெரியும்?" பெரியத்தான் குரல் உடைந்துவிட்டது. "என் தம்பி சாகணும்னு சொல்லமாட்டாம்மா. அவன் அப்படிப்பட்டவன் இல்ல. எதோ ஃபைலு மாறித் திறந்திருக்கு."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க. மெஷின் தகராறுன்னு நீங்கதான் சொன்னீங்க. சரியாத் தெரியலேன்னா இன்னிக்கு முடிவு எழுத வேண்டாம். அவசரம் வந்தா குழாய் போட்டுருவோம், அதுதான் வழக்கம். இது சொல்றத நான் நம்பலாமா?"

பெரியத்தான் என்னையே பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. நான் ஒன்றும் பொய் சொல்ல வேண்டியதில்லை. 'தெரியல டாக்டர்' என்றால் போதும். எனக்கு அவர் வேண்டும். மெஷினோடு, குழாயோடு, எப்படி இருந்தாலும் வேண்டும். ராத்திரி அலாரம் அடித்தால் எழுந்துகொள்வேன், அடிக்காவிட்டாலும் எழுந்துகொள்வேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை நெருக்கக் கூடாது என்று பார்வையை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

"அத்தான் கேட்டது பழைய ஃபைல், டாக்டர். நான்தான் தப்பா எடுத்துப் போட்டேன். இப்ப திறந்திருக்கிறது அவர் கடைசியா செஞ்சு முடிச்சது. ஒவ்வொரு எழுத்தா அழுத்தி நான் சோதிச்சுட்டேன். ரெண்டு தடவ. இது சரியா வேல செய்யுது. சொன்னது அவருதான்."

பெரியத்தான் காகிதங்களை நாற்காலியில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். போய், மழைத் தூறலில் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகு குலுங்கியது.

டாக்டர் பையைத் திறந்து எழுத உட்கார்ந்தார். அவருடைய பேனா எழுதவில்லை. உதறிப் பார்த்தார். நான் என்னுடையதைக் கொடுத்தேன்.